கொள்ளுன்னா வாயைத் தொறக்கும்

வா அம்மிணி, இப்படித் திண்ணையில உக்காரு. மூக்கச் சிந்திட்டு உக்காரு. அந்தியூர்ச் சந்தையில இருந்து ஊடு வந்து சேர்ற வரைக்கும் நீ காருக்குள்ள அழுத அழுகைக்கு, எம் மாப்பள ரெண்டு எடத்துல கியரை மாத்திப் போட்டுட்டாரு.

இப்ப என்ன, வெள்ளைக் குதிரை வேணும். அவ்வளவுதான? வாங்கிப் போடலாம். அப்புச்சி ஒருத்தன் இருக்கறப்ப இதுக்கெல்லாமா அழுவாங்க? பேரு வேற வெச்சுட்டயாமா, பிரின்ஸுன்னு. நெம்ப நல்ல பேரு. சாணி அள்ளறப்ப கூப்புட வாகா இருக்கும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ரோசனையா இருக்குது. கோயமுத்தூருல நீங்க குடியிருக்கறது மூணாம் மாடி. லிப்டுல 6 பேருக்கு மேல ஏறப்படாதுன்னு எழுதி ஒட்டியிருக்குது. நீ சந்தையில கை காட்டுன குதிரை 400 கிலோவுக்குக் கொறையாது. அது ஏறுனா லிப்டு ரொம்பிப் போகும். பிரின்ஸு லிப்டுல போகட்டும், நீ படியில நடந்து வா. அதுக்குச் சம்மதமா? சம்மதம்ங்கறயா? சரி, அப்ப மேல பேசுவோம்.

மொதல்ல வயசுக் கணக்குப் பாரு. உனக்கு 10 வயசு. குதிரைன்னா 25 வருசம் இருக்கும், நல்லாப் பாத்துக்கிட்டா 30 கூடத் தாண்டும். இன்னைக்குக் குட்டியா வாங்குனா நீ பத்தாவது எழுதறப்ப அது கட்டுத்தரையில நிக்கும். நீ காலேசுக்குப் போயி ஆஸ்டல்ல தங்குனாலும் நிக்கும். உனக்குக் கண்ணாலம் பேச வர்றவங்ககிட்ட, பொண்ணோட ஒரு குதிரையும் வரும், தீவனம் உங்க பொறுப்புன்னு இப்பவே சொல்லி வெக்கோணும். போன வருசம் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்தமே, அது இப்ப எங்க இருக்குது? பரண் மேல. குதிரையப் பரண் மேல ஏத்த முடியாது கண்ணு.

கொள்ளுன்னா வாயைத் தொறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம். பழமொழி குதிரையத்தான் சொல்லுதுன்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் அது குதிரை வாங்கறவங்களுக்குச் சொன்னது. மேல உக்காந்து போட்டோ எடுக்கறதுன்னா வாய் தொறக்கும். வாளியத் தூக்குன்னா மூடிக்கும். நீ எந்த வகைன்னு இன்னைக்குப் பாத்துருவோம்.

புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிக்கு நான் சின்னப் பையனா இருந்த காலத்துல இருந்து போயிட்டு வர்றேன். திப்பு சுல்தான் படைக்கு அங்கதான் குதிரை வாங்குனாருன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. நான் பாக்கல, எனக்கு அத்தனை வயசு ஆகல. இந்த வருசமும் மொத நாளே போயிட்டு வந்துட்டேன். தலைக்கயிறு வாங்கத்தான். எருமைக்கு. வேற சோலி ஒண்ணும் இல்ல.

அங்க ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு, நுனியும் நுனியும் முட்டிக்கிட்டு நின்னுச்சே, அது குசராத்துக் கத்தியவார். ராசஸ்தான் மார்வாரிக்கும் காது அப்படித்தான் இருக்கும். நீ அழுது பொரண்டது நொக்ராவுக்கு. மேல வெள்ளை, உள்ள தோலு ரோசாப்பூக் கலரு. கண்ணால ஊர்வலத்துக்கு அதுதான் ராசா. ஆனா அந்தத் தோலுக்கு வெயில் ஆகாது, மூஞ்சியெல்லாம் சிவந்து வெந்து போகும். அதுவுமில்லாம ராத்திரி சாணி மேல படுத்து எந்திரிச்சுதுன்னா, வெடியால பாக்கறப்ப ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பச்சை. சந்தைக்குக் கொண்டாறதுக்கு முன்னால யாவாரி எத்தனை சோப்பு தேச்சாருன்னு உனக்குத் தெரியுமா?

வாங்கறப்ப பாக்க வேண்டியது நெறம் அல்ல. சுழியும் அல்ல. நெத்திச் சுழி ராசி, அந்தச் சுழி ஆகாதுன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. வாங்க வந்தவன் சுழியவே பாத்துட்டு நிக்கறப்ப, விக்கறவன் நொண்டிக் காலப் புல்லுக்குள்ள மறைச்சுருவான். நீ காலப் பாரு. கெட்டித் தரையில நடக்க உட்டுப் பாரு, அப்பறம் ஓட உட்டுப் பாரு. முன்னங்கால்ல வலி இருந்தா ஒவ்வொரு எட்டுக்கும் தலை ஏறி எறங்கும். பல்லையும் பாரு. தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கப்படாது. காசு குடுத்து வாங்கறதுக்குத் தாராளமாப் பாக்கலாம். சின்ன வயசை முன்பல்லுல கண்டுபுடிச்சிரலாம். 10 வயசத் தாண்டிட்டா நானும் குத்துமதிப்பாத்தான் சொல்லுவேன், யாவாரியும் குத்துமதிப்பாத்தான் சொல்லுவாரு. ரெண்டு குத்துமதிப்புக்கும் நடுவுல 5 வருசம் காணாமப் போகும்.

இன்னொண்ணு. கூட்டத்துல சாதுவா நிக்குதேன்னு நம்பிராத. வெடிய வெடிய ஓட்டிக் களைக்க வெச்சுக் கொண்டாந்து நிறுத்துவாங்க. மருந்து போட்டு நிறுத்தறவங்களும் உண்டு. அதனால சொல்லாம கொள்ளாம மறுநா வெடியால போயி நிக்கோணும். நான் போனப்ப... அதாவது, போறவங்க போனா, யாவாரியவே சேணம் கட்டச் சொல்லோணும், அவரையே மொதல்ல ஏறி ஓட்டச் சொல்லோணும், நாலு காலையும் ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டச் சொல்லோணும். அவரு ஏறவே ரோசனை பண்ணுனா, நீ திரும்பிப் பாக்காம ஊட்டுக்கு வந்துரோணும். கிளாண்டர்சுன்னு ஒரு நோய் இருக்குது, மனுசனுக்கும் ஒட்டிக்கும். வந்த குதிரையச் சட்டப்படி கொன்னு பொதைக்கத்தான் வேணும். ரத்தம் சோதிச்ச சீட்டு இல்லாம முன்பணம் குடுக்கறவனுக்கு மூளை இல்லைன்னு அர்த்தம்.

குட்டிக் குதிரையும் குட்டிப் புள்ளையும் ஒண்ணா வளரட்டும்னு சில மகராசனுங்க வாங்கிக் குடுப்பாங்க. ரெண்டுக்குமே ஒண்ணும் தெரியாது. எது எதுக்குச் சொல்லிக் குடுக்கறது? உன்னாட்டச் சின்னதுக்கு எல்லாம் தெரிஞ்ச கெழடு ஒண்ணு வேணும். 10 வயசுக்கு மேல, 15க்குள்ள. ஆணா இருந்தா விதையடிச்சதா இருக்கோணும். ஒசரம் பாக்காத, நாட்டு மட்டக் குதிரை போதும். லாரிக்காரன் ஆரன் அடிச்சாலும் காத மட்டும் திருப்பிட்டு, போயிட்டு வாடான்னு நிக்கோணும். நெறம் எதுவா இருந்தா என்ன, ஒரு செவலைன்னு வெச்சுக்குவோம். நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தாப் பாக்க லச்சணம். சும்மா பேச்சுக்குச் சொல்றேன்.

சரி, வாங்கியாச்சு. வெடியால 5 மணி. உன்ன எழுப்பறதுக்கு உங்கம்மா எத்தனை தடவ கத்தறான்னு எனக்குப் போன்லயே கேக்குது. குதிரை கத்தாது, நின்னு கனைக்கும். அக்கம்பக்கத்து மாடியெல்லாம் எந்திரிச்சுக்கும். எந்திரிச்சதும் சாணி. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவ போடும். நாட்டு மட்டமா இருந்தாலும் 10 கிலோ வெச்சுக்க. உங்க பள்ளிக்கோடத்துல பெருக்கல் சொல்லிக் குடுத்தாங்கல்ல, போடு பாக்கலாம். வருசத்துக்கு 3,650 கிலோ. மூணரை டன்னுக்கு மேல. அள்ளாம உட்டா மூத்திர நெடியில கண்ணு எரியும், குதிரைக்கு இருமல் புடிக்கும், குளம்பு ஊறி அழுகும். அள்ளி வெச்சா நம்ம வாழைக்கு எரு. ஆக, உனக்குக் குதிரை, எனக்கு வாழை. பாரு, எனக்கு இதுல நட்டமே இல்ல.

தண்ணி. சின்னக் குதிரைக்கே 20, 25 லிட்டர் வேணும், சித்திரை வெயில்ல இன்னும் கூட. தொட்டியில பாசி இருந்தா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். உன்னாட்டத்தான், பால்ல ஆடை இருந்தாக் குடிக்க மாட்டயே.

தீனிக்கு வருவோம். இங்கதான் கவனம் வேணும். வகுறு பெருசா இருக்குதேன்னு பாக்காத. 400 கிலோ குதிரைக்கும் எரைப்பை ஒரு குடம் அளவுதான். மாட்டுக்கு அள்ளிப் போட்டா முழுங்கிட்டுப் போயி அசை போடும். குதிரைக்கு அசையும் இல்ல, வாந்தியும் இல்ல. உள்ள போனது வாய் வழியாத் திரும்பி வராது. அதனால சாமி அதுக்கு ஒரு வழி சொல்லி உட்டுருக்கான்: நாளைக்குப் பதினாலு பதினாறு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுட்டே இரு. புல்லுதான் சோறு. அருகம்புல்லு, கொழுக்கட்டைப்புல்லு, காஞ்ச சோளத்தட்டு. 250 கிலோ குதிரைக்குக் காஞ்ச தீவனமா 5 கிலோ. பச்சைப் புல்லுல பாதிக்கு மேல தண்ணி, அதனால அது பல மடங்கு வேணும். கொள்ளு தொட்டுக்கற ஊறுகாயாட்ட. ஊற வெச்சோ வேக வெச்சோ, செய்யற வேலைக்குத் தக்கன ஒரு கை. வேலையே இல்லாத குதிரைக்குக் கொள்ளே வேண்டாம்.

இத நான் பாடுபட்டுப் படிச்சேன் அம்மிணி. எங்கப்பன் பவானியில பஸ் ஸ்டாண்டுல இருந்து கூடுதுறைக்கு வண்டி ஓட்டுனாரு. அப்பெல்லாம் ஆட்டோ ஏது? எனக்கு உன் வயசு. எங்க குதிரை மேல உசுரு. பொங்கலன்னிக்கு நமக்கெல்லாம் வகுறு ரொம்பப் பொங்கல், அதுக்கு மட்டும் வெறும் தட்டான்னு எனக்கு மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம ஒரு கூடைக் கொள்ளை அப்படியே கொட்டி வெச்சேன். நல்லாத்தான் தின்னுச்சு. மறுநா பாத்தா முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டிட்டு, பாரத்தையெல்லாம் பின்னங்கால்ல போட்டுட்டு, பின்னால சாயறாப்பல நின்னுச்சு. குளம்பத் தொட்டா கொதிக்குது. அதிகத் தவசம் தின்னா குதிரைக்கு வகுத்தோட போகாது, குளம்புக்கு எறங்கிரும். எங்கப்பன் என்ன அடிக்கல. மாட்டு டாக்டரக் கூட்டிட்டு வரப் போனாரு. நாலு மாசம் வண்டி ஓடல. ஊட்டுல அடுப்பு எரியறது கூட ஒரு வேளையாப் போச்சு. ஒரு கூடைக் கொள்ளுல ஒரு குடும்பத்தையே பட்டினி போட்ட பாசம் என்னுது. நீ பிரின்ஸுக்குச் சாக்லெட்டுக் குடுக்கலாமான்னு கேட்டயே, அதுக்குத்தான் சொன்னேன்.

இன்னுங் கேளு. பூஞ்சை புடிச்ச தட்டுப் போடாத. எளஞ்சோளப் பயிருப் பக்கம் உடாத, வெசம். வேலியில அரளி இருந்தா வெட்டிப் போடு, ஒரு வாய் எல தின்னாலும் ஆளத் தூக்கிரும். உங்க மாடி ஊட்டு வாட்ச்மேன் மிசின்ல புல்லு வெட்டிக் குவிச்சு, குதிரைக்குன்னு ஆசையாக் கொண்டாந்து குடுப்பாரு. கும்புடு போட்டு வாங்கிக் குப்பையில போடு. அந்தப் புல்லு குவிஞ்சு சூடேறி வகுத்துல புளிச்சுரும். நக்கறதுக்கு உப்புக் கட்டி ஒண்ணு மட்டும் எப்பவும் கட்டி உடு.

அடுத்தது குளம்பு. ஒரு நாளைக்கு நாலு, வருசத்துக்கு 1,460. தெனமும் தூக்கிப் பாக்கோணும். உள்ளங்கால்ல முக்கோணமா ரப்பராட்ட ஒரு சதை இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பள்ளத்துல கல்லும் சாணியும் அடைச்சுக்கும். கொக்கி வெச்சுக் குதிங்கால்ல இருந்து நுனிப் பக்கமா நோண்டி எடுக்கோணும், எதிர்ப்பக்கமா நோண்டுனா சதையில குத்திரும். கறுப்பாக் கசிஞ்சு நாறுச்சுன்னா ஈரத்துல நிக்க வெச்சுட்டேன்னு அர்த்தம். 6 வாரத்துக்கு ஒருக்கா, போனாப் போகுது 8 வாரத்துக்கு ஒருக்கா, லாடம் கட்டறவரு வந்து குளம்பச் செதுக்கோணும். ஆணி அடிக்கறப்ப நீ அழுகாத, அது நகத்துலதான் எறங்குது. நகம் வெட்டறதுக்கு நீதான் ஊரக் கூட்டுவ, குதிரை சும்மா நிக்கும்.

கிட்டப் போறதுக்கும் ஒரு மொறை இருக்குது. குதிரைக்குக் கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல. சுத்தி நடக்கறதெல்லாம் தெரியும், நேர் பின்னாலயும் நெத்திக்கு நேர் முன்னாலயும் மட்டும் தெரியாது. பின்னால சத்தமில்லாம வந்தவனுக்கு ஒதை உழுந்தா, அது குதிரையோட குத்தம் அல்ல. பேசிக்கிட்டே தோளுப் பக்கமாப் போ. நின்னுக்கிட்டே தூங்கிட்டு இருந்தாலும் இருக்கும், மொதல்ல எழுப்பு. காது முன்னால இருந்தா சங்கதி கேக்குதுன்னு அர்த்தம். பின்னால சாஞ்சு கழுத்தோட ஒட்டிருச்சுன்னா அது உங்கம்மாயி பாத்திரத்த ணங்குன்னு வெக்கற சத்தம் மாதிரி. நான் அப்ப என்ன பண்ணுவேன்? எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவேன். நீயும் அதையே பண்ணு. கேரட்டு குடுத்தா உள்ளங்கைய விரிச்சு அது மேல வெச்சுக் குடு. விரல்ல புடிச்சு நீட்டுனா எது கேரட்டு எது விரலுன்னு அதுக்குப் பாகுபாடு இல்ல. கயித்தக் கையில சுத்திக்கவே சுத்திக்காத. அது மெரண்டு ஓடுனா கையும் கூடவே ஓடும்.

ஏறறது? ஏறலாம், ஏறலாம், அதுக்கென்ன அவசரம். மொதல்ல மாலீசு. பல்லு வெச்ச ரப்பர்ல வட்டம் வட்டமாத் தேச்சு அழுக்கக் கெளப்பி, நார் பிரசுல மயிர் போற போக்குலயே தள்ளி உடோணும். சேணம் உக்கார்ற எடத்துல ஒரு மண்ணு இருந்தாலும் புண்ணாயிரும். அப்பறம் தலைக்கு ஹெல்மெட்டு, காலுக்குக் குதி வெச்ச சூ. அங்கவடியில கால் உள்ள பூந்து மாட்டிக்கிட்டா இழுத்துட்டே போயிரும். இடது பக்கமா ஏறோணும். பழைய காலத்துச் சிப்பாய்க்கு இடது இடுப்புல வாள் தொங்கும், வலது பக்கம் ஏறுனா வாள் தட்டும். இப்ப வாளுமில்ல சிப்பாயுமில்ல, குதிரை மட்டும் பழகிப் போச்சு. முள்ளு வெச்ச கடிவாளம் எவனாச்சும் நீட்டுனா அவன் மூஞ்சியிலேயே திருப்பிக் குடு. 1965லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு.

ஏறறவங்க எடை குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்கத் தாண்டப்படாது. 250 கிலோ மட்டத்துக்கு 50 கிலோ. நீ 30, கவலையில்ல. உங்கப்பா ஒரு ரவுண்டு போறேன்னு வருவாரு, 85 கிலோ. அவர நான் சொல்ல முடியாது, மாப்பள. நீ சொல்லிரு. என் எடை 48. சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன்.

சீக்கு வந்தா? தீனி எடுக்காம, சாணி போடாம, வகுத்தத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, தரையப் பறிச்சுட்டு, படுத்துப் பொரண்டு எந்திரிச்சுதுன்னா வகுத்து வலி. அந்த நிமிசமே டாக்டருக்குப் போன். மூங்கக் குழாயில எண்ணெய ஊத்தறேன்னு எவனாச்சும் பெரிய மனுசன் வருவான். உடாத. கொஞ்சம் பெரண்டா நுரையீரலுக்குப் போயிரும். வருசா வருசம் தனுர்வாத ஊசி, காலாகாலத்துக்குக் குடற்புழு மருந்து, வருசத்துக்கு ஒருக்கா பல்லுல கூர்ப்பு இருந்தா அரத்தால ராவ ஆளு. அதுக்குப் பல்லு சாகற வரைக்கும் மேல வந்துட்டே இருக்கும். எனக்கு எல்லாம் உழுந்துட்டே இருக்குது.

கடைசியா ஒண்ணு. குதிரை தனியா இருக்காது. கூட்டத்துல பொறந்த சாதி. ஒத்தையாக் கட்டிப் போட்டா ஏங்கிப் போயி, கட்டையக் கடிக்கும், ஆடிட்டே நிக்கும். அதுக்குத் தொணையா இன்னொரு குதிரை வேணும். ஆக லிப்டு ரெண்டு தடவ ஓடோணும்.

என்ன அம்மிணி, சத்தத்தையே காணோம்? என்ன சொல்ற? வேண்டாமா? சைக்கிளையே பரண்ல இருந்து எறக்கிக் குடுத்தாப் போதுமா?

இரு இரு இரு. அட, எதுக்கு இப்ப எந்திரிக்கற? உக்காரு சாமி. இத்தனை நேரம் சொன்னதுல ஒரு பாதி சும்மா... இல்ல, சும்மா இல்ல, எல்லாம் நெசந்தான். ஆனா எல்லாத்தையும் நீ ஒருத்தியேவா செய்யப்போற? கொரலத் தாழ்த்திப் பேசு, உங்கம்மாயி அடுப்படியில இருக்கறா.

நம்ம கெழக்கால தோட்டத்துக்காரரு ஊட்டுல ஒரு பெட்டைக் குதிரை இருக்குதுல்ல? அது கூட இப்ப தொணைக்கு ஒண்ணு நிக்குது. செவலை. 12 வயசு. விதையடிச்சது. நெத்தியில பொட்டு. மறுநா வெடியால சொல்லாமப் போயிப் பாத்தேன், யாவாரியவே ஏற உட்டேன், நாலு காலயும் தூக்கிப் பாத்தாச்சு, ரத்தச் சீட்டும் மடியில இருக்குது. லாரி ஆரனுக்குக் காத மட்டுந்தான் திருப்புச்சு. எருமைக்குன்னு வாங்குன தலைக்கயிறு அது கழுத்துலதான் இருக்குது. வாரத்துல அஞ்சு நாளும் புல்லு, தண்ணி, சாணி என்னோட பாடு. சனி ஞாயிறு நீ வந்து குளம்பத் தூக்கோணும். எனக்கு இந்த முதுகு குனிய மாட்டீங்குது. 1,460ல உனக்கு எத்தனை வருதுன்னு நீயே கணக்குப் போட்டுக்க. எனக்கு 74, அதுக்கு 12. எனக்கு அப்பறமும் அது இருக்கும் பாரு, அதனாலதான் இப்பவே பழகிக்கன்னு சொல்றேன்.

ஒரே ஒரு முடை. கடைசிக் குதிரைய வித்த அன்னிக்கு உங்கம்மாயி, இனி இந்த ஊட்டுல ஒண்ணு குதிரை இருக்கோணும் இல்ல நான் இருக்கோணும்னு சொன்னா. அவகிட்டப் போயி நின்னா எனக்குக் கடிவாளத்தக் காட்டுன கணக்கா வாய் மூடிக்கும். நீ போ. நான் கேட்டேன்னு சொல்லீராத. நீ கேட்டேன்னு சொல்லு. கார்ல அழுதயே, அதே அழுகாச்சிய இன்னொருக்கா எடு. சிந்துன மூக்க எதுக்கு இப்பத் தொடைக்கற? அது அப்படியே இருக்கட்டும்.